விளக்கை ஏந்துவதற்கு முன்: புளோரன்ஸ் நைற்றிங்கேல் வீட்டை விட்டுப் புறப்பட்ட கதை

ஆண்டு ஏழில் படிக்கும்போது எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் நான் புளோரன்ஸ் நைற்றிங்கேலாக நடித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தபடியால் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். மேடையில் நான் ஏந்திச் சென்றதும் அந்த விளக்குத்தான். பகல்வேளை என்பதால் மண்டபத்தின் யன்னல்களைச் சாத்தி இருட்டாக்கினார்கள். நான்கு வாங்குகளைக் கட்டில்களாக்கி, பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டு என் தோழிகள் காயப்பட்ட படைவீரர்களாகக் கிடந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு அப்பால் நகர்ந்தேன். எனக்கு வசனம் எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் நாடகம் முடிந்தது. காயப்பட்டவர்களைப் பார்த்துப் பழகிப்போயிருந்த அந்தச் சபை நெடுநேரம் கைதட்டியது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அந்தப் பெண் அந்த இருட்டறைக்கு எங்கிருந்து வந்தார், வருவதற்கு யாரிடம் அனுமதி கேட்டார் என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, வைத்தியர் என்ற முறையில் நைற்றிங்கேலையே தெரிவுசெய்தேன். கிரிமியப் போரிலிருந்து எழுதத் தொடங்கி, இரண்டு பக்கத்துடன் நிறுத்திவிட்டேன். அதற்கு முந்திய பத்து ஆண்டுகளே எழுதப்பட வேண்டியவை என்று பட்டது. அதற்கு என் வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புளோரன்ஸ் 1820 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். செல்வந்தரான பெற்றோர் திருமணத்தின் பின் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஓராண்டுக்கு முன் நேப்பிள்ஸ் நகரில் பிறந்த மூத்த மகளுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி என்பதையே வைத்திருந்தார்கள். இரண்டாவது மகளுக்கும் பிறந்த ஊரே பெயராயிற்று. ஆண் பிள்ளை இல்லை.

இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு பெரிய வீடுகள். கோடைகாலத்துக்கு டார்பிஷயரில் லீ ஹேர்ஸ்ற். மற்றைய மாதங்களுக்கு ஹம்ஷயரில் எம்ப்ளி. இலண்டனில் விருந்துகள் நடைபெறும் பருவத்தில் அங்கு சென்று தங்குவார்கள். தந்தை வில்லியம் புத்தகப் பிரியர். மகன் இருந்தால் கற்பித்திருக்கக்கூடியதை எல்லாம் மகள்மாருக்குத் தாமே கற்பித்தார். கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய மொழிகளும் வரலாறும் தத்துவமும் புளோரன்ஸ் கற்றது தந்தையின் வாசிகசாலையில்தான். மூத்தவருக்கு இவற்றில் நாட்டமில்லை. தாயாருடன் வரவேற்பறையில் இருக்கவே விரும்பினார். அந்த வீட்டில் மிக முன்னதாகவே இரண்டு அணிகள் ஏற்பட்டுவிட்டன.

இந்தக் கல்விக்கு ஒரு முடிவும் இருந்தது. பெண் என்ன படித்தாலும் அதை வைத்து ஒன்றும் செய்யக்கூடாது. விருந்தினரோடு நயமாக உரையாடுவதற்கு அது உதவினால் போதும். பதினாறாவது வயதில், 1837 பெப்ரவரி 7 இல், கடவுள் தம்மைத் தமது சேவைக்கு அழைத்ததாகப் புளோரன்ஸ் உணர்ந்து குறித்து வைத்தார். என்ன சேவை என்பது தெரியவில்லை. அது நோயாளரைப் பராமரிப்பதே என்று தெளிவதற்கு மேலும் ஏழெட்டு ஆண்டுகள் சென்றன. கணிதம் படிக்க விரும்பியபோது தாயார் பிரான்சஸ் அதற்கும் தடை சொன்னார். திருமணமாக வேண்டிய பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்பது அவர் நிலைப்பாடு. தந்தையின் தங்கையான மேய்தான் மருமகளுக்காகப் பரிந்து பேசினார். தாயின் தம்பியை மணந்தவரும் இவரே. எங்கள் முறைப்படி பார்த்தால் இரு வழியாலும் மாமி. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமி இருந்தால் பல பெண்கள் தப்பிவிடுவார்கள்.

1845 ஆம் ஆண்டு, இருபத்தைந்தாவது வயதில், புளோரன்ஸ் முதன்முறையாக வாய்திறந்து கேட்டார். எம்ப்ளிக்கு அண்மையில் சோல்ஸ்பரி நகரில் ஒரு வைத்தியசாலை இருந்தது. அங்கு பணியாற்றிய வைத்தியர் பவுலர் குடும்ப நண்பர். சில மாதங்கள் அவரிடம் இருந்து தாதிமைப் பணியைப் பழக அனுமதிக்கும்படி கேட்டார். வீட்டில் புயல் வீசியது. அன்றைய இங்கிலாந்தில் தாதி என்றால் குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் உள்ள கூலிப்பெண் என்ற எண்ணம் இருந்தது. மகள் குடும்ப மானத்தை வாங்கப் பார்க்கிறாள் என்று தாயார் அழுதார். தமக்கையார் மயங்கி விழுந்தார். மகளுக்கு அத்தனையும் கற்பித்த தந்தை, முகத்தைச் சுழித்துக்கொண்டு இலண்டனுக்குப் போய்விட்டார். திட்டம் அத்துடன் கைவிடப்பட்டது.

அதன் பின்னரான எட்டு ஆண்டுகள் எங்கள் நாடகத்தில் இடம்பெறவில்லை. விடியுமுன் எழுந்து, குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, விளக்கொளியில் வைத்தியசாலைகள் பற்றிய அரசாங்க அறிக்கைகளை வாசித்துப் புள்ளிவிபரங்களைக் கொப்பிகளில் எழுதினார். காலை உணவுக்கு மணி அடித்ததும் கொப்பியை மூடிவிட்டுக் கீழே இறங்கி, நாள் முழுவதும் குடும்பத்தின் மகளாக இருந்தார். தந்தை பத்திரிகையை உரத்து வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வந்தவர்களை வரவேற்க வேண்டும். பீங்கான், துணிமணிகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஒருவர் கூப்பிட்டால் செய்துகொண்டிருப்பதை வைத்துவிட்டு எழும்ப வேண்டும். அவரை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, அறையில் பூட்டவும் இல்லை. அவருடைய நேரத்தில் அரை மணித்தியாலங்கூட அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை, அவ்வளவுதான். பகற்கனவு காணும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. அதை ஒரு நோயாகவே எண்ணி அஞ்சினார். முப்பது வயதை அணுகியபோது சாவை விரும்பும் அளவுக்குச் சோர்ந்திருந்தார். இன்று அப்படியொரு பெண் என் முன்னால் வந்து இருந்தால், அன்றே மனநல வைத்தியரிடம் அனுப்பிவைப்பேன்.

வெளியேற ஒரு வழி மட்டும் எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக இருந்தது: திருமணம். கவிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான ரிச்சர்ட் மொங்டன் மில்ன்ஸ் பல ஆண்டுகளாக அவரை விரும்பிக் காத்திருந்தார். நல்ல மனிதர், ஏழைகள்மீது இரக்கமுள்ளவர். புளோரன்சுக்கும் அவர்மீது அன்பு இருந்தது. ஆயினும் ஒரு வரவேற்பறையிலிருந்து இன்னொரு வரவேற்பறைக்குப் போவதாகவே அந்த வாழ்வு அமையும் என்று கண்டு 1849 இல் மறுத்துவிட்டார். மறுத்த பின் நெடுநாள் மனம் வருந்தினார். தாயாருக்கு அது மன்னிக்க முடியாத குற்றமாயிற்று.

அந்த ஆண்டின் இறுதியில் குடும்ப நண்பர்களான பிரேஸ்பிறிட்ஜ் தம்பதியர் அவரை எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் கூட்டிச் சென்றார்கள். ஏதென்சில் சிறுவர் சிலர் துன்புறுத்திக்கொண்டிருந்த ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டெடுத்து அதீனா எனப் பெயரிட்டு வளர்த்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவார். திரும்பும் வழியில், 1850 யூலை மாத இறுதியில், ஜேர்மனியின் றைன் நதிக்கரையில் டுசல்டோர்வ் நகருக்கு அருகே உள்ள கைசர்ஸ்வேர்த்துக்குச் சென்றார். பாதிரியார் தியடோர் பிளீட்னர் 1836 இல் அங்கு ஒரு நிலையத்தை ஆரம்பித்திருந்தார். வைத்தியசாலை, அநாதை இல்லம், சிறை மீண்ட பெண்களுக்கான இல்லம் எல்லாம் அதில் அடங்கும். கௌரவமான பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். இரண்டு வாரம் தங்கிய புளோரன்ஸ் புதிய உயிர் பெற்றவராக வீடு திரும்பினார்.

வீட்டிலோ அந்த இரண்டு வாரம் ஒரு துரோகமாகக் கருதப்பட்டது. வெளியே சொல்லக்கூடாது என்று தாயார் கட்டளையிட்டார். தங்கை இல்லாமல் தம்மால் இருக்க முடியாது என்று பார்த்தினோப்பி அழுது அரற்றிப் படுக்கையில் விழுந்தார். பரிகாரமாக, அடுத்த ஆறு மாத காலத்தைத் தமக்கையாருக்கே ஒதுக்கித் தரும்படி கேட்கப்பட்டது. புளோரன்ஸ் சம்மதித்தார். முப்பது வயதுப் பெண், முப்பத்தொரு வயதுத் தமக்கைக்கு ஆறு மாதம் துணையிருந்தார். சேர்ந்து படம் வரைந்தார், தோட்டத்தில் உலாவினார், பாடினார். தமக்கையாருக்குச் சுகம் வந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் ஒருநாள் எம்ப்ளிக்கு ஒரு விருந்தாளி வந்தார். மேலைநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்களில் ஒருவரான எலிசபெத் பிளக்வெல். 1849 இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றவர். இருவரும் புல்வெளியில் உலாவும்போது, அந்த மாளிகையின் நீண்ட யன்னல் வரிசையைக் காட்டி, இதை ஒரு வைத்தியசாலையாக்கினால் கட்டில்களை எப்படிப் போடலாம் என்று தாம் யோசிப்பதாகப் புளோரன்ஸ் அவரிடம் சொன்னாராம். வைத்தியராகப் பணிபுரியும் எனக்கு, இவர் வாழ்க்கையில் மிகப் பிடித்த காட்சி இதுதான். நாடகம் மீண்டும் போடுவதானால் இதைத்தான் போடச் சொல்வேன்.

1851 கோடையில் தாயார் மூத்த மகளின் உடல்நலத்துக்காகக் கார்ல்ஸ்பாட் ஊற்று நீராடப் புறப்பட்டார். அந்த மூன்று மாதமும் கைசர்ஸ்வேர்த்தில் பயிற்சி பெறப் புளோரன்சுக்கு அனுமதி கிடைத்தது. எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. புறப்படுவதற்கு முன் நடந்த சண்டையில், தங்கை அன்பாகக் கொடுத்த வளையல்களைப் பார்த்தினோப்பி அவர் முகத்தில் வீசி எறிந்தார். அன்று மயங்கி விழுந்தவர் புளோரன்ஸ். ஆனாலும் போனார். அதிகாலை ஐந்து மணிக்கு எழும்பி, கஞ்சியும் மரக்கறியும் உண்டு, நோயாளரைப் பராமரித்து, சத்திரசிகிச்சையில் உதவியாக நின்றார். அங்கிருந்து தாயாருக்கும் தமக்கையாருக்கும் கடிதம் எழுதித் தம்மை நம்பும்படியும் ஆசீர்வதிக்கும்படியும் கேட்டார். ஆசீர்வாதம் வரவில்லை. அந்த ஆசீர்வாதத்துக்காகக் காத்திருப்பதை அவர் மெல்ல மெல்ல விட்டது அதன் பின்னர்தான்.

1852 இல் அவர் தம் மனத்தில் உள்ளதை எல்லாம் எழுத்தில் கொட்டினார். கசன்ட்ரா என்பது அந்தக் கட்டுரையின் பெயர். உண்மையைச் சொல்லியும் யாராலும் நம்பப்படாத கிரேக்கக் கதைப் பெண் கசன்ட்ரா. வசதியான வீடுகளில் பெண்களின் அறிவும் ஆற்றலும் எவ்வாறு வீணாக்கப்படுகின்றன என்பதே அதன் பொருள். 1860 இல் தனிப்பட்ட முறையில் சில பிரதிகள் மட்டும் அச்சிட்டார். பொதுமக்கள் கையில் அது கிடைத்தது 1928 இல், அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்.

அதே ஆண்டில் கதவைத் திறந்து வைத்தவர் ஒரு வைத்தியர். பார்த்தினோப்பியின் நிலை மோசமாகவே, விக்ரோறியா மகாராணியாரின் வைத்தியர் சேர் ஜேம்ஸ் கிளார்க் அவரை ஸ்கொட்லாந்தில் உள்ள தமது இருப்பிடத்தில் தங்கவைத்து அவதானித்தார். அவர் சொன்ன ஆலோசனை குடும்பத்தினர் எதிர்பாராதது. தங்கையைப் பிரிந்து இருக்கப் பழகினால்தான் தமக்கைக்குச் சுகம் வரும் என்றார். அதுவரை தான் வீட்டில் இருப்பதுதான் தமக்கைக்கு மருந்து என்று புளோரன்ஸ் நம்பவைக்கப்பட்டிருந்தார்.

பார்த்தினோப்பி நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தகைய மயக்கத்தையும் மூச்சுத்திணறலையும் நாங்கள் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். வேதனை உண்மையானது, நோயாளிக்கே அதன் வேர் தெரியாது. பார்த்தினோப்பிக்கும் அந்த வீட்டில் வேறு வேலை இருக்கவில்லை. தங்கையைப் பற்றிக்கொண்டிருப்பதே அவருக்கு வாழ்வாக இருந்தது. ஒரே சிறையில் இருவர். ஒருவர் கதவைத் தேடினார், மற்றவர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். நோயைக் காரணம் காட்டி ஒருவருடைய வாழ்வை இன்னொருவருக்கு மருந்தாக எழுதிக்கொடுக்க முடியாது என்பதை அந்தப் பழைய வைத்தியர் விளங்கிக்கொண்டார்.

1853 வசந்தத்தில் வாய்ப்பு வந்தது. இலண்டன் ஹார்லி வீதியில், வசதி இழந்த கௌரவமான பெண்களுக்கான சிறிய வைத்தியசாலை ஒன்றுக்கு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். அரசியல்வாதி சிட்னி ஹேர்பேட்டின் மனைவி எலிசபெத் புளோரன்சின் பெயரைச் சொன்னார். சம்பளம் இல்லை. செய்தி கேட்டதும் தமக்கையார் அழுது, சீறி, படுக்கையில் விழுந்தார். தாயார் கொதித்தார். இம்முறை தந்தை வேறுவிதமாக நடந்துகொண்டார். தமது இலண்டன் கழகத்தில் தனியே இருந்து யோசித்து, மகளுக்கு ஆண்டுதோறும் 500 பவுண் கொடுப்பதென முடிவுசெய்தார். மனைவியின் விருப்பத்துக்கு மாறாக அவர் துணிந்து செய்த காரியம் அது. வீரத்தைப் பற்றி எழுதுபவர்கள் இந்த 500 பவுணை மறந்துவிடுகிறார்கள். தன் கையில் பணம் இல்லாத பெண்ணுக்குத் துணிச்சல் மட்டும் போதாது. அந்தப் பணத்தோடு புளோரன்ஸ் இலண்டனில் தமக்கென அறைகளும் எடுத்துக்கொண்டார்.

1853 ஓகஸ்ற் 12 ஆம் திகதி, முப்பத்து மூன்றாவது வயதில், பொறுப்பேற்றார். ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே சுடுதண்ணீர் வரச்செய்தார். சமையலறையிலிருந்து உணவை மேலே அனுப்ப ஓர் ஏற்றுப்பொறி பொருத்தினார். நோயாளி மணி அடித்தால் எந்தக் கட்டிலில் இருந்து என்று தெரியும்படி ஏற்பாடு செய்தார். அங்கிலிக்கன் சபையினரை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவினர் நின்றபோது, கத்தோலிக்கரும் யூதரும் சேர்க்கப்படாவிட்டால் தாம் இருக்கப்போவதில்லை என்றார். குழுவினர் இணங்கினார்கள். வீட்டில் பீங்கான் எண்ணிய பெண், இங்கு கட்டில் விரிப்பும் ஜாம் போத்தலும் எண்ணிக் கணக்கு வைத்தார். இப்போது எண்ணுவதில் அர்த்தம் இருந்தது.

பின்னர் நடந்தவை பாடப்புத்தகத்தில் உள்ளவை. 1854 ஒக்ரோபர் 21 ஆம் திகதி, போர்த்துறைப் பொறுப்பில் இருந்த சிட்னி ஹேர்பேட்டின் வேண்டுகோளின்படி, 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூற்றாரிக்குப் புறப்பட்டார். 1855 பெப்ரவரியில் அங்கு நூற்றுக்கு 42 பேர் என்ற அளவில் நோயாளர் இறந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் சுகாதார ஆணைக்குழுவினர் வந்து கழிவுநீர்க் கால்வாய்களையும் நீரையும் காற்றோட்டத்தையும் சீராக்கிய பின், சில மாதங்களில் அது நூற்றுக்கு இரண்டு அளவுக்குக் குறைந்தது. காயத்தைவிட அழுக்கே அதிகம் பேரைக் கொன்றது என்பதைப் போருக்குப் பின் புள்ளிவிபரங்களை ஆராய்ந்து உணர்ந்தார். அதைப் பாராளுமன்றத்தினர் ஒரு பார்வையில் விளங்கும்படி வரைபடமாக்கினார். 1858 இல் இலண்டன் புள்ளிவிபரவியல் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார். எதற்கு என்று தாயார் கேட்ட அந்தக் கணிதம் இதற்குத்தான் உதவியது. 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிக் கல்லூரி ஆரம்பமானது. 1863 இல் அவர் வெளியிட்ட குடியேற்ற நாடுகளின் பாடசாலைகள், வைத்தியசாலைகள் பற்றிய சுகாதார அறிக்கையில் எங்கள் இலங்கையும் இடம்பெற்றது. அவர் கையில் உண்மையில் இருந்தது துருக்கியர் பாவிக்கும் மடிப்பு விளக்கு. படங்களில் காணும் கிண்ண விளக்கு அன்று. எங்கள் ஜாம் போத்தல் இரண்டிலும் சேராது.

வீட்டார் கதை இன்னும் முடியவில்லை. நாடே மகளைப் புகழ்ந்ததும் தாயாரும் தமக்கையாரும் பெருமையால் பூரித்தார்கள். அவருக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியவரே பார்த்தினோப்பிதான். புறப்படும் அவசரத்தில் கவனிப்பாரின்றி அதீனா என்ற ஆந்தை இறந்துபோயிருந்தது. இறந்த ஆந்தையைக் கையில் வாங்கிப் புளோரன்ஸ் அழுதார். அதன் கதையைப் பார்த்தினோப்பி எழுதி, தாமே படமும் வரைந்து, 1855 இல் போர்க்களத்தில் காய்ச்சலாய்க் கிடந்த தங்கைக்கு அனுப்பினார். வளையலை வீசிய அதே கைதான் அதை வரைந்தது.

1856 இல் நாடு திரும்பிய புளோரன்ஸ் மீண்டும் அந்த வீட்டில் வாழவில்லை. இலண்டன் விடுதியில் வேலை செய்துகொண்டிருந்த அவரிடம் தாயாரும் தமக்கையாரும் வந்து தங்கி, விருந்தினரை அழைத்து, அவருடைய மேசையைச் சுற்றி வரவேற்பறை நடத்தினார்கள். 1857 இல் அவர் உடல் உடைந்து விழுந்தது. கிரிமியாவில் தொற்றிய புரூசெல்லோசிஸ் என்ற நோயின் நீடித்த விளைவாக அது இருக்கலாம் என்று பிற்கால வைத்தியர்கள் கருதுகிறார்கள். அதிலிருந்து பல ஆண்டுகள் படுக்கையிலிருந்தே பணி செய்தார். வீட்டார் வந்தால் படபடப்பு அதிகரிக்கும் என்று சொல்லி அவர்களைத் தூரத்தில் நிறுத்தினார். மேய் மாமி வாசலில் காவலிருந்தார். தமக்கையின் நோய் அவரைக் கட்டிவைத்தது. அவருடைய சொந்த நோய் கதவுக்குத் தாழ்ப்பாளாயிற்று. இதில் கொஞ்சம் கடுமை உண்டு. பிறகு மேய் மாமி தம் குடும்பத்திடம் திரும்பியபோதும் அதை நெடுங்காலம் அவரால் மன்னிக்க முடியவில்லை. தம்மை விழுங்க வந்த அன்போடு போராடியவர், தாமும் அன்புக்குரியவர்களை அளவுக்கு மீறிக் கேட்டார். குறையில்லாதவர் என்று காட்ட எனக்கு விருப்பமில்லை.

பார்த்தினோப்பி 1858 இல் சேர் ஹரி வேர்ணியை மணந்து கிளேடன் மாளிகைக்குத் தலைவியானார், நாவல்களும் எழுதினார். தமக்கென ஒரு வாழ்வு வந்ததும் நோயும் தணிந்தது. பிந்திய ஆண்டுகளில் அந்த மாளிகையில் தங்கைக்கென அறைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1874 இல் தந்தை இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் சொத்து மேய் மாமி குடும்பத்துக்குச் சென்றது. முதுமையில் பார்வையும் நினைவும் மங்கிய தாயாருக்குச் சொந்த வீடு இல்லாமற்போனது. அப்போது அவரைப் பராமரிக்க முன்வந்தவர் புளோரன்ஸ். மாதக் கணக்கில் தம் வேலையை ஒதுக்கிவைத்துத் தாயருகே இருந்தார். 1880 இல் தாயார் காலமானார். மூட்டுவாதத்தால் முடங்கிய பார்த்தினோப்பி 1890 மே 12 ஆம் திகதி இறந்தார். அன்று தங்கைக்கு எழுபதாவது பிறந்தநாள்.

புளோரன்ஸ் 1910 ஓகஸ்ற் 13 ஆம் திகதி, தொண்ணூறாவது வயதில் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, அவர் விருப்பப்படி உறவினர் மறுத்துவிட்டனர். எம்ப்ளிக்கு அருகே உள்ள கிராமத் தேவாலயத்தில், பெற்றோருடன் அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் பிறப்பு, இறப்பு விபரமும் மட்டுமே உள்ளன. எம்ப்ளி மாளிகை இன்று ஒரு பாடசாலை. கட்டில் போட நினைத்த யன்னலோரங்களில் வாங்கும் மேசையும் இருக்கின்றன.

இனி என் வீட்டுக் காரணம். என் மகள் உயர்தரம் முடித்து, தூர ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தெரிவாகியிருக்கிறாள். நான் எதிர்பார்த்த துறை அல்ல. விடுதியில் தங்க வேண்டும். கடிதம் வந்த இரவு நான் அவளிடம், அம்மம்மாவை யார் பார்ப்பது என்று கேட்டேன். எனக்குப் பிறஷர் கூடுகிறது என்றும் சொன்னேன். அது பொய்யில்லை, அளந்து பார்த்தேன், கூடித்தான் இருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் கடிதத்தை மடித்து வைத்தாள். மறுநாள் இக்கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோது, மூன்று தசாப்தமாக நான் புளோரன்சின் பக்கம் நிற்பதாக எண்ணியிருந்தது பிழை என்று தெரிந்தது. இப்போது நான் இருப்பது அந்த வரவேற்பறையில், தாயாரின் கதிரையில்.

என் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். வீட்டில் ஒவ்வொரு முறையும் யாராவது நோயாளியாக, அவள் எங்கும் போகவில்லை. எங்கள் சங்கத்தின் நூறு ஆண்டுகளில் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. பரிசளிப்பு விழா அறிக்கைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை. புறப்பட்டவர்களை இம்மலரில் நாம் பெருமையோடு நினைவுகூருகிறோம். புறப்பட முடியாதவர்களும் எங்கள் பழைய மாணவிகள்தான்.

இன்று வகுப்புகளில் இருக்கும் தங்கைமாருக்கு ஒன்று சொல்வேன். புளோரன்ஸ் ஒருநாள் இரவில் கதவை உடைத்துக்கொண்டு ஓடியவர் அல்லர். எட்டு ஆண்டுகள் விடியுமுன் படித்து, மாமி ஒருவரைத் துணையாக்கி, கையில் பணத்தை உறுதிப்படுத்திக்கொண்டு புறப்பட்டார். ஆசீர்வாதம் பிறகு வரட்டும் என்று விட்டார். வலிமை பெற்ற பின், தாயாருக்குத் தேவை வந்தபோது, தாமாகவே திரும்பி வந்தார். தாய்மாராகிவிட்ட என் வயதுத் தோழிகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். மடித்து வைத்த கடிதத்தை எடுத்து மகளின் மேசையில் விரித்து வைத்தேன். விடுதிக்குக் கொண்டுபோக ஒரு சூட்கேசும் வாங்கியாயிற்று. அம்மம்மாவை நான் பார்த்துக்கொள்வேன்.